கலக பூமியில் பிரயாணியும் காப்பீட்டுப் பத்திரமும்

2025-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதி நேபாள அரசாங்கம் 26 சமூக ஊடகங்களுக்குத் தடை விதித்தபோது, இமயமலைப் பக்கம் யாத்திரை போவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத உள்ளூர் விவகாரமாகவே கருதியிருப்பார்கள். 8-ஆம் தேதி இளைஞர்கள் வீதியில் திரண்டார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தில் அன்று ஒரே நாளில் 19 பேர் மாண்டார்கள். மறுநாள் பாராளுமன்றக் கட்டடமும், அரசாங்கக் காரியாலயங்கள் நிறைந்த சிங்க தர்பாரும், உச்ச நீதிமன்றமும் தீக்கிரையாயின. பிரதமர் ஒலி ராஜினாமாச் செய்தார். திரிபுவன் சர்வதேச விமான நிலையம் மூடப்பட்டது. காத்மாண்டுவின் பெரிய ஹோட்டல்கள் சிலவும் கொளுத்தப்பட்டன. பசுபதிநாதரைத் தரிசிக்க வந்து அவற்றில் ஒன்றில் தங்கியிருந்த இந்தியப் பெண்மணி ஒருவர், தீயினின்று தப்ப முயன்றபோது விழுந்து உயிர் நீத்தார். 10-ஆம் தேதி மாலை விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கின. 12-ஆம் தேதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமராகப் பதவி ஏற்றார். ஓர் அரசாங்கம் கவிழ்ந்து மற்றொன்று எழுவதற்கு ஒன்றரை வாரங்கூடத் தேவைப்படவில்லை.

இத்தகைய சந்தர்ப்பத்தில் பிரயாணியின் கைப்பையிலிருக்கும் காப்பீட்டுப் பத்திரம் அவருக்கு எந்த அளவு துணை நிற்கும் என்பதே இங்கே ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். பாலிசி வாங்குகிறவர்கள் பொதுவாக இரண்டு எண்களைத்தான் பார்க்கிறார்கள்: கட்டவேண்டிய பிரீமியம் எவ்வளவு, வரக்கூடிய தொகை எவ்வளவு என்பவை அவை. அமைதியான தேசத்துக்குப் போகிறவருக்கு இந்தப் பார்வை போதுமானதாக இருக்கலாம். குழப்பம் மூண்ட தேசத்துக்குப் போகிறவரோ, தொகை 50,000 டாலரா 5 லட்சம் டாலரா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். நடந்த குழப்பத்துக்குச் சட்டம் என்ன பெயர் கொடுக்கும், பத்திரம் வாங்கிய தேதி அந்தக் குழப்பத்துக்கு முந்தியதா பிந்தியதா, நோயாளி படுத்திருக்கும் இடத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடையே வழி திறந்திருக்கிறதா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே அந்தத் தொகைக்கு அர்த்தம் உண்டாகிறது.

பிரயாணத்துக்கென்று தனியே காப்பீடு செய்யும் வழக்கம் ரயிலோடு பிறந்தது. லண்டனில் தோன்றிய ரயில்வே பிரயாணிகள் காப்பீட்டுக் கம்பெனி, 1849-ல் ரயில் டிக்கெட்டோடு சேர்த்துக் காப்பீட்டுச் சீட்டையும் விற்கத் தொடங்கியது. முதல் வகுப்புப் பிரயாணி 3 பென்ஸ் கொடுத்தால் அவர் உயிருக்கு 1,000 பவுன். இரண்டாம் வகுப்புக்கு 2 பென்ஸ், 500 பவுன். மூன்றாம் வகுப்புக்கு 1 பென்னி, 200 பவுன். வகுப்புக்குத் தக்கபடி உயிருக்கும் விலை வைத்த அந்தக் காலத்து மனோபாவம் ஒருபுறமிருக்க, அந்தக் காப்பீட்டில் ஒரு தெளிவு இருந்தது: ரயில் கவிழ்ந்ததா இல்லையா என்பதில் எவருக்கும் சந்தேகம் எழ இடமில்லை. அபாயத்தின் காரணம் மனிதர்களின் கோபமாக இருக்கும்போதுதான் வழக்குப் பிறக்கிறது.

அந்த வழக்குகளோ ரயிலைக் காட்டிலும் பழமையானவை. 1766-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரத்தில், தானிய விலை ஏறியதால் கொதித்தெழுந்த ஜனக்கூட்டம் ஒரு மால்ட் கிடங்கைக் கொளுத்திவிட்டது. அந்நியப் படையெடுப்பினாலோ, ராணுவத்தினாலோ, அதிகாரத்தை அபகரித்துக்கொண்டவர்களாலோ நேரும் தீக்குப் பணம் தருவதில்லை என்று பத்திரத்தில் ஷரத்து இருந்ததைக் காட்டிக் கம்பெனி கைவிரித்தது. ரொட்டிக்காகக் கூச்சலிட்ட கூட்டத்தை ராஜ்யத்தை அபகரிக்க வந்த கூட்டமாகக் கொள்ள முடியாதென்று கூறி, அடுத்த வருஷம் நியாயஸ்தலம் கிடங்குக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1780 ஜூனில் லண்டனை ஒரு வாரம் ஆட்டிவைத்த கார்டன் கலகத்தின்போது, ஹோபர்னில் சாராய வடிசாலை வைத்திருந்த லாங்டேல் என்னும் கத்தோலிக்கருடைய சொத்து முழுவதும் எரிந்துபோயிற்று. அவருடைய பத்திரத்தின் விதிவிலக்குகளில் நார்விச் பத்திரத்தில் இல்லாத ஒன்று கூடுதலாக இருந்தது: பொதுமக்களின் கொந்தளிப்பு. வழக்கை விசாரித்த மான்ஸ்பீல்ட் பிரபு, ராஜத் துரோகமாகும் அளவுக்குப் போகாவிட்டாலும் ஒரு பொது நோக்கத்துக்காக ஜனங்கள் திரண்டெழுந்தால் அது கொந்தளிப்பேயாகும் என்று விளக்கம் கூற, லாங்டேல் தோற்றார். அதே கலகத்தில் மான்ஸ்பீல்டின் சொந்த வீடும், அவர் ஆயுள் முழுதும் சேர்த்த புஸ்தகங்களும் சாம்பலாயின என்பதைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. தம் வீட்டை எரித்த கூட்டத்துக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று நிதானமாக வரையறுக்கும் பொறுப்பு அதற்குப் பிறகு அவருக்கே வந்து சேர்ந்ததை நினைத்தால், நீதிபதிப் பதவியின் கஷ்டம் கொஞ்சம் விளங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் ஆகாய விமானமும் ஆகாயத்திலிருந்து விழும் குண்டும் வந்த பிறகு, கம்பெனிகளின் அச்சம் வேறு அளவை எட்டியது. ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரில் நகரங்கள் அழிவதைக் கண்ட இங்கிலாந்துக் காப்பீட்டாளர்கள், நிலத்தின்மேல் போரினால் நேரும் நஷ்டத்தை ஏற்பதில்லை என்று 1937-ல் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1938 ஜனவரி 1 என்று தேதியிட்டு லண்டன் லாயிட்ஸ் சந்தையில் வகுக்கப்பட்ட போர் விலக்கு ஷரத்து, போர், படையெடுப்பு, உள்நாட்டுப் போர், கலகம், புரட்சி, எழுச்சி, ராணுவ அதிகாரம், அபகரித்த அதிகாரம் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. இன்றைக்குச் சென்னையில் விற்கப்படும் பிரயாணக் காப்பீட்டுப் பத்திரத்தின் பின்பக்கங்களைப் பொறுமையோடு புரட்டுகிறவர், ஏறக்குறைய அதே வரிசையை அங்கே காணலாம். படிக்கப்படாத வாசகங்களில் இதற்கு இணையானது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

இந்த வரிசை அச்சமூட்டுவதாக இருந்தாலும், அதைக் காட்டிக் கம்பெனி எப்போதும் தப்பித்துக்கொள்வதற்கில்லை. 1970 செப்டம்பர் 6-ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து நியூயார்க் சென்ற பான் அமெரிக்கன் விமானத்தைப் பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியைச் சேர்ந்த இருவர் கடத்தி, பெய்ரூத்தில் வெடிமருந்து ஏற்றிக்கொண்டு கெய்ரோவில் இறக்கினார்கள். பிரயாணிகள் இறங்கி ஓடிய சில நிமிஷங்களில், சுமார் 2.4 கோடி டாலர் பெறுமான அந்த 747 விமானம் வெடித்துச் சிதறியது. இது போர், அல்லது எழுச்சி, அல்லது குறைந்தபட்சம் பொதுக் கொந்தளிப்பு; ஆகவே நாங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்று ஏட்னா முதலிய கம்பெனிகள் வாதாடின. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1974-ல் அளித்த தீர்ப்பு இரண்டு கோட்பாடுகளை நிலைநிறுத்தியது. விதிவிலக்கில் அடங்கும் சம்பவம் இதுதான் என்று நிரூபிக்கும் பாரம் கம்பெனியையே சாரும். ஷரத்தின் பொருள் இருவிதமாகப் படுமாயின், அதை எழுதிய கம்பெனிக்குப் பாதகமான பொருளே கொள்ளப்படும். சர்க்காராக இல்லாத ஒரு குழு, எங்கோ ஆகாயத்தில் செய்த காரியம் போராகாது என்று சொல்லி, நீதிமன்றம் கம்பெனிகளைப் பணம் கொடுக்கச் செய்தது.

பெய்ரூத் நகரத்து ஹாலிடே இன் ஹோட்டலின் வழக்கு இதைவிட வியப்பானது. லெபனான் சச்சரவில் ஆயுதம் தாங்கிய குழுக்கள், 1975 அக்டோபரிலிருந்து ஹோட்டல் வட்டாரத்தையே யுத்த களமாக்கிக்கொண்டு மாடிக்கு மாடி சுட்டுக்கொண்டன. உலகம் முழுவதும் அதை உள்நாட்டுப் போர் என்றே அழைத்தது. சரித்திர நூல்களும் அப்படியே அழைக்கின்றன. ஆயினும் 1983-ல் நியூயார்க் நீதிமன்றம், அந்த ஹோட்டல் சேதமுற்ற மாதங்களில் நடந்த சண்டை ராஜ்யத்தின் இறையாண்மையைக் கைப்பற்றுவதற்காக நடந்ததன்று, ஆகவே காப்பீட்டுச் சட்டத்தின் பார்வையில் அது உள்நாட்டுப் போராகாது என்று முடிவு செய்து, பத்திரம் ஏற்றுக்கொண்டிருந்த பொதுக் கொந்தளிப்பு என்னும் வகையில் அதை அடக்கியது. செய்தித்தாளின் தலைப்பு வேறு, சட்டத்தின் கணிப்பு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ‘போர் நடந்த ஊரில் அடிபட்டவருக்குப் பணம் வராது’ என்று ஏஜெண்டு வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கோரிக்கையே கொடுக்காமல் இருந்துவிடுகிறவர்கள், தங்களுக்கு உரியதைத் தாங்களே விட்டுக்கொடுத்தவர்கள் ஆகிறார்கள். கம்பெனி எழுத்து மூலமாக மறுத்து, அந்த மறுப்பும் நியாயமற்றதாகத் தோன்றினால், நம் நாட்டில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் வக்கீல் வைக்காமலே முறையிடலாம். சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது.

ஆனால் பெரிய விமானக் கம்பெனியும் பெரிய ஹோட்டலும் பல வருஷம் நின்று வழக்காடக் கூடியவை. தனிப் பிரயாணியின் வழக்கு பெரும்பாலும் இத்தகைய நுட்பமான இடத்தை எட்டுவதேயில்லை. அதற்கு முன்பே, தேதியில் அது சிக்கிக்கொண்டுவிடுகிறது. எதிர்பாராத அபாயத்துக்கே காப்பீடு. வந்துவிட்டதென்று ஊரறிந்த அபாயத்துக்கு இல்லை. வாங்குகிற தினத்தில் பொதுவாக அறியப்பட்டிருந்த குழப்பத்தின் விளைவுகளைக் கம்பெனிகள் விலக்கிவிடுகின்றன. காத்மாண்டுவின் விஷயத்தில் 3-ஆம் தேதி வாங்கிய பத்திரத்துக்கும் 9-ஆம் தேதி மாலை வாங்கிய பத்திரத்துக்கும் பிரீமியம் ஒன்றாகவே இருந்திருந்தாலும், பயனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. இடைப்பட்ட 5, 6, 7 தேதிகளில் வாங்கியவரின் நிலைதான் வாதத்துக்கு உரியது: ஊடகத் தடை அறிந்த செய்தி, அதிலிருந்து ஆட்சி கவிழும் என்பது அறிந்த செய்தியா? இலங்கையின் கதை வேறு மாதிரி. அங்கே 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. ஜூலை 9-ஆம் தேதி ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். இடையில் மூன்று மாதம். ஜூனில் டிக்கெட் வாங்கியவர், எனக்கு முன்னதாகத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. பிரயாணத்தை நிச்சயித்து முதல் ரூபாயைச் செலவிட்ட அன்றைக்கே காப்பீட்டையும் வாங்கிவிட வேண்டும் என்று இந்தத் துறையில் பழகியவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இதனோடு அரசாங்க எச்சரிக்கைகளும் பின்னிக்கிடக்கின்றன. பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் ஒரு பிரதேசத்துக்கு அத்தியாவசியமின்றிப் போகவேண்டாம் என்று அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பை மீறிப் போகிறவரின் பத்திரம் செல்லாமற் போவது அங்கே சாதாரணம். அமெரிக்க அரசாங்கம் 2018 முதல் எல்லாத் தேசங்களையும் நான்கு படிகளில் தரம் பிரித்து வைத்திருக்கிறது. நமது வெளியுறவு அமைச்சகம் இப்படிப் படி கட்டி வைப்பதில்லை. நிலைமைக்குத் தக்கபடி அறிக்கை வெளியிடுகிறது. நேபாளப் பிரயாணத்தைத் தள்ளிப்போடும்படி 2025 செப்டம்பரில் அது அறிவுறுத்தியதும் இந்த முறையில்தான். ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டவரின் நிலை, அறிவிப்புக்குப் பின் புறப்பட்டவரின் நிலையினின்று வேறு என்பதைப் பல பத்திரங்கள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் அங்கிருந்து வெளியேறும்படி அறிவிப்பு வந்த பிறகும் பிடிவாதமாகத் தங்கியிருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. வேடிக்கை பார்க்கப் போய் ஊர்வலத்தோடு சேர்ந்துகொண்டவரையும், எந்தப் பக்கத்துக்காகவேனும் கோஷம் போட்டவரையும், பங்கேற்றவர் என்று சொல்லிக் கம்பெனி கைகழுவிவிடும்.

நேபாளத்தைப் பொறுத்தவரை நம்மவர்களுக்கு ஒரு விசேஷ ஆபத்து உண்டு. அது கலகத்தினால் வந்ததன்று. இந்தியக் குடிமக்கள் அங்கே பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் போகலாமாகையால், கோரக்பூர் வரை ரயிலில் போய்ச் சுனௌலி எல்லையை வண்டியில் கடப்பவர்களுக்கு, தாம் வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற பிரக்ஞையே உண்டாவதில்லை. ஐரோப்பாவுக்குப் போகிறவரை ஷெங்கன் விசா விதியே 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வாங்கச் செய்துவிடுகிறது. கியூபா 2010 முதல் அவ்வாறே கட்டாயப்படுத்துகிறது. நேபாளத்துக்குப் போகிறவரை எவரும் கேட்பதில்லை. கையில்தான் மெடிகிளெய்ம் இருக்கிறதே என்று அவர் எண்ணுகிறார். உள்நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தருபவை. எல்லைத் தூணைத் தாண்டியதும் அந்த அட்டை வெறும் அட்டை.

தமிழ்நாட்டு வைஷ்ணவர்களுக்கு இது அலட்சியப்படுத்தக் கூடிய விஷயமன்று. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராம திவ்ய தேசம் என்று அவர்கள் தேடிச் செல்லும் முக்திநாத், கடல் மட்டத்துக்கு 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 1,000 மீட்டருக்கும் தாழ்ந்த போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபது நிமிஷத்தில் ஏறி, அங்கிருந்து ஜீப்பில் அன்றைக்கே சந்நிதிக்குப் போய்விடுகிறார்கள். 2,500 மீட்டருக்கு மேல் உயரநோய் தாக்கக் கூடும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு அதிகமாக உயர்த்தக் கூடாதென்பது வைத்திய சாஸ்திரம் வகுத்த கணக்கு. அறுபதும் எழுபதும் கடந்த பக்தர்கள், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உடையவர்கள், இந்தக் கணக்கையெல்லாம் அறியாமல் ஏறுகிறார்கள். அவர்களில் சிலர் பிரயாணக் காப்பீடு வாங்கியிருந்தாலும், இவ்வளவு மீட்டருக்கு மேல் பொறுப்பில்லை என்று உயர வரம்பு கட்டும் ஷரத்தையும், முன்பே இருந்த நோயை மறைத்தால் பத்திரம் செல்லாது என்னும் ஷரத்தையும் கவனிப்பதில்லை. கைலாச யாத்திரையில் கடக்கவேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீட்டரை ஒட்டியது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

அந்த மலைகளில் நோயாளியைக் கீழே இறக்க ஹெலிகாப்டரே கதி. அதற்குக் கம்பெனியின் உதவி நிலையத்திலிருந்து முன் அனுமதி வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாப் பத்திரங்களிலும் காணும் நிபந்தனை. இந்த நிபந்தனை இறுகியதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. லேசான தலைவலி கண்டவர்களையும் பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றுவதும், ஒரே விமானத்தில் ஏற்றிய நாலைந்து பேருக்காக நாலைந்து கம்பெனிகளிடம் முழுக் கட்டணத்தையும் தனித்தனியே கேட்பதுமான மோசடி காத்மாண்டுவில் நடந்துவந்ததை, 2018-ல் நேபாள அரசாங்கத்தின் விசாரணையே வெளிக்கொணர்ந்தது. வழிகாட்டியும் விமானக்காரரும் மருத்துவமனையும் பங்கு போட்டுக்கொண்ட பணத்தின் விளைவாக, உண்மையாகவே மூச்சுத் திணறும் யாத்திரிகர் இன்றைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மேலும், நோயாளியை எங்கே கொண்டுபோவது என்பதைக் கம்பெனியின் வைத்தியர் தீர்மானிப்பாரேயன்றி, நோயாளியோ அவர் மகனோ தீர்மானிப்பதில்லை. பக்கத்தில் தகுந்த வைத்தியசாலை இருக்குமானால் அங்கேதான். சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்ற கோரிக்கை அங்கே எடுபடாது.

குழப்பமான தேசத்தில் பிரயாணிகளைக் கொல்வது துப்பாக்கிக் குண்டு என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். வெளிநாடுகளில் நேரும் பிரயாணிகளின் மரணங்களை ஆராய்ந்தவர்கள், முதியோரிடம் இருதய நோயும் இளையோரிடம் சாலை விபத்துமே முன்னணியில் நிற்பதாகக் கண்டிருக்கிறார்கள். கலகம் இந்த உண்மையை மாற்றுவதில்லை. சாதாரண நோயைச் சாதாரணமாகக் குணப்படுத்தும் வழிகளை அது அடைத்துவிடுகிறது, அவ்வளவே. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் கண்டியை அடுத்த பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்து இல்லாமையால் முன்கூட்டி நிச்சயித்த அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. ஜூன் கடைசியிலிருந்து இரண்டு வாரம் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெட்ரோல் என்றாயிற்று. அந்த நாட்களில் நுவரெலியாவில் நெஞ்சுவலி கண்ட ஒருவரிடம் எத்தனை லட்சம் டாலர் பாலிசி இருந்தாலும், கொழும்புக்கு வருவதற்கு வண்டி வேண்டும், வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும். அரிசி, பால்மாவோடு மருந்துகளையும் அப்போது தமிழ்நாடு கப்பலில் அனுப்ப நேர்ந்தது. காப்பீடு என்பது பணம். பணம் கொடுத்தும் கிடைக்காத பொருளை அது தருவிக்க இயலாது. இன்சுலின் போடுகிறவரும் இருதய மாத்திரை சாப்பிடுகிறவரும், திரும்பி வரும் நாளுக்குமேல் இரண்டு வார மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்வதும், கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதிய சீட்டை உடன் கொண்டுபோவதும், எந்தப் பாலிசியைக் காட்டிலும் மலிவான பாதுகாப்பு. வழக்கமான தடுப்பூசிகளோடு டெட்டனஸ் ஊசியைப் புதுப்பித்துக்கொள்வதும், நாய் கடித்தால் வேண்டிய மருந்து அந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆஸ்துமாக்காரர்கள் கண்ணீர்ப் புகையை நினைவில் வைக்க வேண்டும்.

‘இருபத்துநாலு மணி நேரமும் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று பத்திரத்தின் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். எகிப்து அரசாங்கம் 2011 ஜனவரி 28-ஆம் தேதி இணையத்தையும் கைத்தொலைபேசியையும் துண்டித்தது. பாங்குகளும் ஒரு வாரம் மூடிக் கிடந்தன. வங்காளதேசத்தில் 2024 ஜூலை 18-ஆம் தேதி இணையம் அணைந்து, கைத்தொலைபேசி வழியே அது திரும்பி வர அந்த மாதக் கடைசியாயிற்று. அங்கே மருத்துவம் படித்துவந்த நமது மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தரைமார்க்கமாக எல்லை தாண்டி வந்தார்கள். பேசும் கருவி செத்த ஊரில், முன் அனுமதி பெறவில்லை என்ற காரணத்தைச் சொல்லிக் கோரிக்கையை மறுப்பது நியாயமாகாது. பல பத்திரங்களில் ‘இயன்ற அளவு விரைவில்’ என்ற சொற்றொடர் இதற்கு இடங்கொடுக்கிறது. அதே போல, பாஸ்போர்ட் களவு போனால் போலீஸ் அறிக்கை வேண்டும் என்ற நிபந்தனை. போலீஸ் நிலையங்களே கொளுத்தப்பட்ட காத்மாண்டுவில் செப்டம்பர் 9-ஆம் தேதி இரவு அறிக்கை எழுதிக் கொடுக்க யார் இருந்தார்கள்? தூதரகத்தின் கடிதமும் ஹோட்டல்காரரின் கையெழுத்தும் தேதியிட்ட படங்களுமே அங்கே சாட்சியமாகும். கொஞ்சம் ரொக்கமும், காகிதத்தில் எழுதிய முகவரிகளும் வைத்திருப்பவரைப் பழம்பஞ்சாங்கம் என்று பரிகசிக்கத் தோன்றுவது, விளக்கு எரியும் வரையில்தான்.

நேபாளம் இந்தப் பாடங்களை நெடுங்காலமாகப் பயின்ற தேசம். 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்டுப் போரில் வெளிநாட்டு மலையேறிகளைக் கிளர்ச்சியாளர்கள் பொதுவாகத் தீண்டவில்லை. ஆனால் மலைப்பாதையில் மறித்து நன்கொடை வாங்கி, முத்திரையிட்ட ரசீதும் கொடுத்தார்கள். அடுத்த சாவடியில் அந்த ரசீதைக் காட்டினால் மறுபடி கேட்கமாட்டார்கள். எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் அந்த ரசீதுக்குப் பணம் திருப்பித் தராது என்றாலும், சர்க்கார் வரிச்சீட்டைக் காட்டிலும் அது கண்ணியமாக மதிக்கப்பட்டதென்று போய்வந்தவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பந்த் நாட்களில் காத்மாண்டுவின் தாமேல் வட்டாரத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே பிரயாணிகளுக்கென்று தனிப் பஸ் ஓடியது. அந்தப் பழைய ஒழுங்கை நம்பி வந்தவர்களுக்குத்தான் 2025-ல் ஹோட்டல்கள் எரிந்தது அதிர்ச்சி அளித்தது. பாராளுமன்றம், மந்திரிமார் மாளிகை, அவர்களுடைய பணம் சம்பந்தப்பட்டதாகப் பேசப்படும் பெரிய ஹோட்டல் ஆகியவற்றினின்று எட்ட இருக்கும் சிறிய விடுதி, இத்தகைய காலத்தில் நட்சத்திர ஹோட்டலைவிடப் பத்திரமான இடமாக இருக்கக் கூடும்.

கலகம் ஓய்ந்து வழி திறக்கும்வரை ஆகும் செலவு, உடல் சேதமில்லாதவர்களுக்கு நேரும் தலையான நஷ்டம். தாய்லாந்தில் 2008 நவம்பர் 25-ஆம் தேதி மாலை எதிர்ப்பாளர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்துக்குள் புகுந்து, டிசம்பர் 3-ஆம் தேதி வரை அதை மூடிவைத்தார்கள். இலட்சக்கணக்கானவர்கள் சிக்கிக்கொள்ள, உதபாவ் கடற்படைத் தளத்தின் சிறிய விமானத் திடல் வழியாக அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காயமில்லை, நோயில்லை. வெறும் சாப்பாட்டுச் செலவும் அறை வாடகையும் புது டிக்கெட்டுமே. மருத்துவத்துக்கு மட்டுமான பத்திரம் இவற்றுக்கு ஒரு காசும் தராது. கலவரம், அரசியல் குழப்பம் முதலிய அசாதாரண நிலைமைகளில் விமானக் கம்பெனியும் நஷ்ட ஈடு கொடுக்கத் தேவையில்லை என்பது நமது விமானப் போக்குவரத்து விதிகளிலும் உள்ளது. தாமதத்தையும் ரத்தையும் ஏற்கும் பத்திரமாயினும், கலவரத்தால் ஏற்பட்ட தாமதம் என்பதைப் பெயர் சொல்லி ஏற்கிறதா என்று பார்த்தல் அவசியம். பத்திரத்தின் கெடு முடிந்த பிறகும் பிரயாணி தம் குற்றமின்றித் தங்க நேர்ந்தால் சில நாட்கள் அது தானாக நீளுமா என்பதும் அப்படியே.

வெளியே கொண்டுவருவதற்குத்தான் அரசாங்கம் இருக்கிறதே என்று சொல்லலாம். 1990-ல் குவைத்திலிருந்து 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மான் வழியாக ஏர் இந்தியா கொண்டுவந்தது. 2015-ல் யேமனிலிருந்து 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களோடு 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் நமது கப்பல்களும் விமானங்களும் மீட்டன. 2023-ல் சூடானிலிருந்து ஆப்பரேஷன் காவேரி. இவை பெருமைக்குரிய காரியங்களே. ஆனால் கார்த்தூமிலிருந்து சூடான் துறைமுகத்துக்கு 800 கிலோமீட்டருக்கு மேல். போர்க்கப்பல் துறைமுகத்துக்குத்தான் வரும். அந்தத் தூரத்தைச் சண்டைக்கு நடுவே பஸ்ஸில் கடக்கிற நெஞ்சுறுதி, கப்பலில் ஏறுகிறவருக்கே சொந்தமானது. மீட்பு என்பது அரசாங்கத்தின் கருணையும் கடமையுமாகுமேயன்றி, பிரீமியம் கட்டி வாங்கிய உரிமையன்று. தூதரகத்தில் தம் பெயரைப் பதிந்து வைத்தவரை அது தேடிப் பிடிக்கும். பதியாதவர் எங்கே இருக்கிறார் என்பதை அது எப்படி அறியும்?

இதுவரை சொன்னவையெல்லாம், போவதா வேண்டாமா என்று தாமே முடிவு செய்யக்கூடிய உல்லாசப் பிரயாணிகளையும் யாத்திரிகர்களையும் பற்றியவை. சூடானில் சிக்கியவர்களில் மூலிகைத் தைலம் விற்கப் போன கர்நாடகத்து ஹக்கி பிக்கி மக்களும் இருந்தார்கள். எந்த எச்சரிக்கை அறிவிப்பும் அவர்களுடைய பிழைப்பை மாற்றியிருக்காது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு, பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்து மரணத்துக்கு 10 லட்சம். சுற்றுலா விசாவில் ஏஜெண்டு அனுப்பிவைத்தவர் இந்த வலைக்குள் வருவதேயில்லை. வருகிறவருக்குங்கூட, பாக்கி நின்ற சம்பளத்தையும் சாமான்களையும் விட்டு ஓடிவருவதால் நேரும் நஷ்டத்துக்கு அதில் இடமில்லை. அந்த நஷ்டத்தைத் தொழிலாளிக்கு ஈடு செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. குவைத்தின்மேல் இராக் படையெடுத்ததால் நேர்ந்த நஷ்டங்களுக்காக 1991-ல் ஐக்கிய நாடுகள் சபை நிறுவிய நஷ்ட ஈட்டு ஆணையம், கணக்குக் காட்ட இயலாத ஏழைகளுக்கும், வெளியேறினார் என்ற ஒரே ஆதாரத்தின் பேரில், தனி நபருக்கு 2,500 அல்லது 4,000 டாலரும் குடும்பத்துக்கு 5,000 அல்லது 8,000 டாலரும் நிர்ணயித்துக் கொடுத்தது. பணம் இராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2022 வரை அந்த ஆணையம் வேலை செய்தது. 2011-ல் லிபியாவையும், 2015-ல் யேமனையும், 2023-ல் சூடானையும் விட்டு வந்தவர்களுக்காக அத்தகைய ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை.